உயிருள்ள பூச்சியைக் கண்டு ஓடும் டாரன்டுலா: சாப்பிட வைப்பது எப்படி?

பீனிக்ஸ் பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸில் இருக்கிறேன். என்னோடு வேலை செய்த ஒருவர் கேப்டவுனுக்கு மாற்றலாகிப் போகும்போது, தான் வளர்த்த சிலி ரோஸ் டாரன்டுலாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெண் சிலந்தி. காலை விரித்தால் என் உள்ளங்கை அளவு இருக்கும். பெயர் ராணி. கண்ணாடித் தொட்டி, தேங்காய்நார்த் தூள், பதுங்கிக்கொள்ளப் பாதி உடைந்த மண்சட்டி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாமே அவர் கொடுத்ததுதான்.

சாப்பாட்டில்தான் பிரச்சினை. கடையில் பழுப்பு நிறக் கிரிக்கெட் பூச்சி வாங்கி வந்து விடுகிறேன். வீடியோக்களில் பார்த்தால் எல்லாருடைய சிலந்தியும் பாய்ந்து பிடிக்கிறது. ராணி அப்படியில்லை. பூச்சி அவள் காலில் பட்டதும் முன்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு பின்வாங்குகிறாள். மறுபடி பட்டால் பின்காலால் வயிற்று முடியைத் தேய்த்து உதறுகிறாள். அப்புறம் கண்ணாடியில் ஏறி மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க அங்கேயே இருக்கிறாள். காலையில் நான் பூச்சியை எடுத்த பிறகுதான் இறங்குகிறாள். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. புரட்டாசி வரப்போகிறது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது, சனிக்கிழமை பூஜை உண்டு. ஆயா என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: "அதுக்குச் சாப்பாடு போட வேணாம்னு நான் சொல்லலே. இந்த ஒரு மாசம் இந்த வீட்டுக்குள்ளே உசிரைக் கொல்லாதே." ஆயா பேச்சை மீற எனக்கு விருப்பமில்லை. ஆனால் ராணி பட்டினியில் போய்விடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. செத்த பூச்சி கொடுத்தால் சாப்பிடுவாளா? எத்தனை நாள் தாங்குவாள்?

—

டோங்காட் கரும்புக்காடு எழுதியது:

பசிச்சா தானா சாப்பிடும் தம்பி. நீதான் காலையிலே காலையிலே பூச்சியை எடுத்து எடுத்துக் கெடுக்கிறே. ரெண்டு பூச்சியை உள்ளே விட்டுட்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதே. பழகிடும். காட்டுலே யாரு அதுக்குச் செத்ததைப் பிடிச்சு ஊட்டுறாங்க?

—

மாரிட்ஸ்பர்க் அங்கிள் எழுதியது:

தம்பி, கரும்புக்காடு நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதே. நீ காலையில் பூச்சியை எடுத்துவிடுவதுதான் சரி. இன்னும் சீக்கிரம் எடுத்தாலும் நல்லது. காரணத்தைச் சொல்கிறேன்.

டாரன்டுலா தோல் உரிக்கும்போது மல்லாந்து படுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அதன் உடம்பு முழுக்கப் பிஞ்சாக இருக்கும். கடிக்கும் பல் கூட வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. கிரிக்கெட் பூச்சி சைவம் இல்லை. ஈரத்துக்கும் சத்துக்கும் அலையும். மல்லாந்து கிடக்கும் சிலந்தியின் காலையும் வயிற்றையும் கடித்துத் தின்றுவிடும். எப்போது தோல் உரிக்கும் என்று அது நமக்குத் தேதி சொல்லாது. அதனால் பிடிக்காத பூச்சியை உள்ளே விட்டுவைப்பது பழக்குவது ஆகாது, ஆபத்தில் தள்ளுவது.

இனி ராணியின் பயத்துக்கு வருவோம். டாரன்டுலாவுக்கு எட்டுக் கண் உண்டு, ஆனால் வெளிச்சம், இருட்டு, நிழல் அசைவு தாண்டி அதிகம் தெரியாது. அது உலகத்தை அறிவது கால் முடிகளால். தரை அதிர்வு, காற்று அசைவு எல்லாம் அந்த முடிகளில்தான் படும். பசியோடு நிம்மதியாக இருக்கும் சிலந்திக்குப் பூச்சி நடக்கும் அதிர்வு சாப்பாடு. வயிறு நிறைந்த சிலந்திக்கும், தோல் உரிக்கத் தயாராகும் சிலந்திக்கும், இடம் பிடிக்காத சிலந்திக்கும் அதே அதிர்வு தன் மேல் ஏற வரும் எதிரி. நீ வீடியோவில் பார்ப்பது பாய்ந்து பிடித்த நேரத்தை மட்டும். பின்வாங்கிய நேரத்தை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. அதனால் "இவள் பயந்தாங்கொள்ளி" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் சில விஷயங்களைப் பார்.

முதலில் வயிறு. பின்னால் இருக்கும் வயிற்றை முன்னுடம்போடு ஒப்பிட்டுப் பார். வயிறு அதே அளவோ, கொஞ்சம் பெரிதோ இருந்தால் அவள் பட்டினியில் இல்லை. சுருங்கி, மடிப்பு விழுந்திருந்தால் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் கிண்ணத்தை. வளர்ந்த சிலி ரோஸ் சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் இருக்கும். இந்த இனம் பட்டினிக்குப் பேர் போனது. நல்ல ஆரோக்கியத்தோடேயே பல மாதம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வளர்ப்பவர்களை அழவைக்கும். தண்ணீர் இல்லாமல் மட்டும் விடக்கூடாது. கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும், பஞ்சு எதுவும் போடாதே.

முடியை உதறுகிறாள் என்றாயே, வயிற்றில் வழுக்கை விழுந்திருக்கும். அந்த இடம் தோல் நிறமாக இருந்தால் ஒன்றுமில்லை. கறுத்துப் பளபளத்தால் தோல் உரிக்கப் போகிறாள், அப்போது சாப்பாட்டையே மறந்துவிடு. உரித்த பிறகும் பல் வெள்ளையிலிருந்து சிவந்து, பிறகு நன்றாகக் கறுக்கும்வரை எதையும் கொடுக்காதே. பெரிய சிலந்திக்கு இரண்டு வாரம் காத்திருந்தால் தப்பில்லை. அந்த முடி உன் கையிலோ கண்ணிலோ படாமல் பார்த்துக்கொள். கையில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

அடுத்தது தொட்டி. அவள் கண்ணாடியில் ஏறுகிறாள் என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. சிலி ரோஸ் தரையில் வாழும் சிலந்தி, சிலியின் வறண்ட புதர்க்காட்டிலிருந்து வந்தது. ஈர மண்ணில் கால் வைக்க அதற்குப் பிடிக்காது. டர்பன் காற்றில் இருக்கும் ஈரமே அதற்கு அதிகம். நீ தண்ணீர் தெளிக்கிறாயா? தொட்டி எவ்வளவு உயரம்? எங்கே வைத்திருக்கிறாய், பக்கத்தில் வாஷிங் மெஷின், ஸ்பீக்கர் எதுவும் உண்டா? பழைய முதலாளி என்ன சாப்பாடு போட்டார்? இதையெல்லாம் எழுது.

செத்த பூச்சியைச் சாப்பிடுவாளா என்று கேட்டாய். நிறையச் சிலந்திகள் சாப்பிடும். காலின் நுனியாலும், வாயருகே இருக்கும் சிறு கைகளாலும் அவை ருசி பார்க்கும். அசைவே இல்லாவிட்டாலும் தொட்டுப் பார்த்து இது தீனி என்று தெரிந்துகொள்ளும். காட்டிலும் செத்துக் கிடக்கும் பூச்சியைச் சில சமயம் தின்னும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். அவள் வயிற்று அளவுக்கு மேல் போகாத பூச்சியாக எடுத்துக்கொள். அதை டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் செத்துவிடும். கொடுக்கும் முன் வெளியே எடுத்து வைத்து அறைச் சூட்டுக்கு வர விடு, குளிர்ந்த கட்டியாகக் கொடுக்காதே. பொழுது சாய்ந்து விளக்கெல்லாம் அணைத்த பிறகு, பூச்சியின் வயிற்றைக் கொஞ்சம் கீறி உள்ளே இருக்கும் ஈரம் வெளியே தெரியும்படி செய். ஒரு பால் போத்தல் மூடியில் அதை வைத்து, சட்டியின் வாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடு. நின்று பார்க்காதே, டார்ச் அடிக்காதே. காலையில் இருந்தால் எடுத்துப் போட்டுவிடு. அழுகினால் பூஞ்சை வரும், உண்ணி மாதிரிச் சின்னப் பூச்சிகள் வரும், பொடி ஈயும் வரும்.

நீள இடுக்கியால் ஊட்டுபவர்களும் உண்டு. செத்த பூச்சியைப் பிடித்து முன்காலில் பட்டும் படாமலும் ஒரு தொடல், அவ்வளவுதான். காலை இழுத்துக்கொண்டாலோ தூக்கினாலோ உடனே நிறுத்து. பிடித்துக்கொண்டாள் என்றால் அந்தக் கணமே நீ விட்டுவிட வேண்டும். இழுத்தால் அவள் பல் போகும். இடுக்கியின் முனையில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்கட்டும், வெறும் இரும்பு வேண்டாம்.

புரட்டாசிக்கு நீ கலங்கவே வேண்டாம். வயிறு நன்றாக இருந்தால் ஒரு மாதம் தண்ணீர் மட்டும் போதும். ஆயா சொன்னபடியே இரு, ராணிக்கு ஒரு குறையும் வராது. காய், பழம் வைத்துப் பழக்கலாமா என்று யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லிவிடு. அதன் உடம்பு பூச்சிக்காகவே அமைந்தது. சனிக்கிழமை பூஜையில் சாம்பிராணி போடும் அறையில் மட்டும் தொட்டியை வைக்காதே, புகை அதற்கு ஆகாது.

—

பீனிக்ஸ் பையன் எழுதியது:

ரொம்ப நன்றி அங்கிள். வயிறு முன்னுடம்பை விடப் பெரிதுதான், உருண்டையாக இருக்கிறது. வழுக்கை இருக்கிறது, தோல் நிறம், கறுப்பு இல்லை.

தண்ணீர் தெளிக்கிறேன், தினமும் காலையில். ஈரம் வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். தொட்டி மீன் தொட்டி, 45 சென்டிமீட்டர் உயரம், மண் அடியில் கொஞ்சம்தான். டிவி மேசை மேல் இருக்கிறது, பக்கத்தில் தம்பியின் பெரிய ஸ்பீக்கர்.

கேப்டவுன் அண்ணனைக் கேட்டேன். அவர் பெரும்பாலும் சூப்பர்வார்ம் புழுதான் போடுவாராம், தலையை நசுக்கி ஒரு மூடியில் வைத்து. கிரிக்கெட் போட்டதே இல்லை என்கிறார்!

இன்னொரு கேள்வி. எம்பாங்கேனியில் இருக்கும் என் நண்பன் தோட்டத்தில் குழி தோண்டும்போது ஒரு பபூன் சிலந்தி (இங்கேயே காட்டில் வாழும் ஆப்பிரிக்க டாரன்டுலா) கிடைத்ததாம். "இது எதைப் போட்டாலும் பாயுது, ராணியை யாருக்காவது கொடுத்துட்டு இதை வச்சுக்கோ" என்கிறான். ராணியைக் கொடுக்க மாட்டேன். அதையும் சேர்த்து வாங்கலாமா?

—

லெனேசியா அக்கா எழுதியது:

தம்பி, அந்தப் பபூன் சிலந்தியை எடுத்த இடத்திலேயே விடச் சொல்லு, இன்னைக்கே. பபூன் சிலந்தியில் ஹார்பாக்டிரா, செரட்டோகைரஸ், டெரினோகைலஸ்ங்கிற மூணு வகையும் இந்த நாட்டுச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, 2007 ஒழுங்குவிதிப் பட்டியலில் இருக்கு. பெர்மிட் இல்லாமல் பிடிக்கவோ வச்சுக்கவோ கூடாது. தோட்டத்தில் கிடைச்சது எந்த வகைன்னு உன் நண்பனுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. சட்டத்தை விடு, அதைப் பாரு: ஒரு பெண் சிலந்தி பல வருஷம் ஒரே வளையில் இருந்து அந்த இடத்துக்குக் குட்டி போடுது. தோண்டி எடுத்தா அந்த இடம் காலி. எனக்கு இதில் கோபமே வரும். அதோட ஆப்பிரிக்கச் சிலந்திக்கு ராணி மாதிரி உதறுகிற முடி கிடையாது. அதனால் நேராகக் கடிக்கத்தான் வரும், கடியும் ராணியோடதை விடப் பல மடங்கு வலிக்கும்.

செத்ததை ஊட்டுறது ஏதோ புதுசுன்னு நினைக்காதே. நான் குட்டியிலிருந்து வளர்க்கிறவள். கடுகை விடக் கொஞ்சம் பெரிசா இருக்கிற குட்டிக்கு யாரும் உயிருள்ள பூச்சியை விடமாட்டோம். கிரிக்கெட்டோட பின்கால் ஒண்ணைக் கிள்ளி வளையோட வாசலில் போட்டா, ராத்திரி வந்து இழுத்துட்டுப் போகும். சில குட்டி வளர்ந்ததும் தானா வேட்டைக்கு மாறும். சிலது மாறாது. என்கிட்ட ஹோண்டுராஸ் சுருள்முடி டாரன்டுலா ஒண்ணு இருக்கு. நல்லா வளர்ந்த பெண், இன்னைக்கும் உயிருள்ள கரப்பான் எதிரில் வந்தா சட்டிக்குள்ளே போயிடும். தலை நசுக்கின ரெட் ரன்னர் கரப்பானை வச்சா வந்து எடுத்துக்கும். அவளுக்கு என்ன குறை? வருஷா வருஷம் தோல் உரிச்சு வளர்ந்துட்டுத்தான் இருக்கா.

அங்கிள்கிட்ட ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஒத்துப் போகமாட்டேன். ஃப்ரீசரில் வச்சு எடுத்த பூச்சி கொழகொழன்னு ஆயிடும், சில சிலந்தி தொட்டுட்டு விட்டுடும். கொடுக்கிற நேரத்தில் இடுக்கியால் தலையை ஒரே அழுத்தா நசுக்கிட்டா பூச்சிக்கும் வேதனை இல்லை, கொஞ்ச நேரம் கால் லேசா அசைஞ்சுட்டும் இருக்கும். அந்தச் சின்ன அசைவு இவங்களைப் பயமுறுத்தாது, கூப்பிடும். புழுன்னா தலையை நசுக்காம விடவே கூடாது. சூப்பர்வார்ம் மண்ணுக்குள்ளே போயிடும், நீ தேடினாலும் கிடைக்காது, தாடை வேற பலமானது.

சில பேர் கிரிக்கெட்டோட பின்கால் ரெண்டையும் பிய்ச்சு உயிரோட விடுவாங்க. தயவுசெய்து அதைச் செய்யாதே. கொல்றதுன்னா முழுசா கொன்னுடு.

—

மாரிட்ஸ்பர்க் அங்கிள் எழுதியது:

லெனேசியா அக்கா பபூன் சிலந்தியைப் பற்றிச் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஃப்ரீசர் விஷயத்திலும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கையால் கொல்ல மனம் வராதவர்களுக்காகத்தான் நான் ஃப்ரீசரைச் சொன்னேன்.

தம்பி, நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு நிம்மதி. ராணிக்குப் பூச்சி மட்டும் பிரச்சினை இல்லை. தண்ணீர் தெளிப்பதை நிறுத்து. மண் மொத்தமாகக் காயட்டும், கிண்ணம் மட்டும் நிறைந்திருக்கட்டும். ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து தொட்டியை எடு. யாரும் கதவை அடித்துச் சாத்தாத, வெயில் நேராகப் படாத ஒரு மூலை போதும். புது வீட்டுக்குக் கொண்டுவந்த பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வதில்லையா, அதே நிலைமையில்தான் அவளும் இருக்கிறாள். அவளுக்குக் கால்வைக்கும் தரையே ஈரம், தரை முழுக்க அதிர்வு, அதற்கு மேல் பழக்கமில்லாத ஒரு பூச்சி வேறு துள்ளுகிறது.

உயரத்தைத்தான் நீ உடனே சரிசெய்ய வேண்டும். 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து செத்துப்போகக்கூடும். தரைச் சிலந்திக்கு வயிற்றுத் தோல் அவ்வளவு மெல்லியது. காய்ந்த தேங்காய்நார்த் தூளும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, மண்ணிலிருந்து மூடிவரை அவள் கால்விரிப்பில் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாதபடி செய். மண்ணை நன்றாக அழுத்திவிடு, பொலபொலவென்று இருந்தாலும் கால்வைக்கத் தயங்குவாள். மேல்மண் வாங்கும்போது உரமோ மருந்தோ கலக்காததாகப் பார். தோட்டத்தில் பிடித்த பூச்சியையும் கொடுக்காதே. டர்பன் பக்கம் பூச்சி மருந்து அடிக்காத வீடு குறைவு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றலாமா என்று யோசிப்பாய். மாற்றிவிடு. நாளுக்கொன்றாக மாற்றினால் நாளுக்கொரு தரம் கலவரம். ஒரே தடவையில் முடித்துவிட்டு, புரட்டாசி முழுக்க அவளைத் தொடாமல் விட்டுவிடு. தண்ணீர் ஊற்ற மட்டும் திற.

—

டோங்காட் கரும்புக்காடு எழுதியது:

தோல் உரிக்கிறப்ப பூச்சி கடிக்கும்கிறது புதுசா இருக்கு, நன்றி அங்கிள். ஒண்ணு மட்டும் கேட்கிறேன். எப்பவும் செத்ததையே போட்டா அதுக்கு வேட்டையே மறந்துடாதா? சத்தும் குறையாதா? டப்பாவிலே காஞ்ச பூச்சி விக்கிறாங்களே, அதைப் போட்டா இன்னும் சுலபம் ஆச்சே.

—

மாரிட்ஸ்பர்க் அங்கிள் எழுதியது:

நல்ல கேள்வி. வேட்டை அதற்குப் பிறவியிலேயே வந்தது, நாம் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, நம்மால் மறக்கடிக்கவும் முடியாது. இன்றைக்குக் கொன்ற பூச்சிக்கும் உயிருள்ள பூச்சிக்கும் சத்தில் வித்தியாசம் இல்லை. சிலந்தி மென்று விழுங்குவதில்லை. செரிக்கும் நீரை இரையின் மேல் விட்டு, கரைத்து, உறிஞ்சிக் குடிக்கிறது. டப்பாவில் காய்ந்த பூச்சியில் உறிஞ்ச ஒன்றும் இருக்காது, அதனால் அது வேண்டாம். சத்து வேண்டுமானால் பூச்சிக்கு முதல் நாள் காரட், கீரை, ஓட்ஸ் போட்டு வயிறு நிறைய வை. அது ராணிக்கு வந்து சேரும்.

—

பீனிக்ஸ் பையன் எழுதியது:

புரட்டாசி முடிந்தது. தகவல் சொல்ல வந்தேன்.

மண் நிரப்பி, முன்னறையிலிருந்து எடுத்து என் அறை அலமாரியில் வைத்தேன். முதல் வாரம் கண்ணாடியை விட்டு இறங்கவில்லை, மண் காயக் காய இறங்கினாள். இப்போது சட்டி வாசலில்தான் இருக்கிறாள். எம்பாங்கேனி நண்பன் சிலந்தியைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டான், லெனேசியா அக்கா எழுதியதை அப்படியே அவனுக்கு அனுப்பினேன்.

மாதம் முடிந்ததும் ஆயாவிடம் சொல்லிவிட்டு, தலை நசுக்கிய சூப்பர்வார்ம் ஒன்றை மூடியில் வைத்தேன். முதல் ராத்திரி தொடவில்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி வைத்தேன். காலையில் மூடி காலி. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்ன உருண்டை கிடந்தது. அது என்ன? ஒரு மாதம் சாப்பிடாததற்கு ஈடாக இப்போது அதிகம் கொடுக்க வேண்டுமா?

—

மாரிட்ஸ்பர்க் அங்கிள் எழுதியது:

அந்த உருண்டைதான் அவள் சாப்பிட்டதற்குச் சாட்சி. உறிஞ்சியது போக மிச்சமான ஓடும் தோலும் சேர்ந்தது. இடுக்கியால் எடுத்துப் போட்டுவிடு. எனக்கு ரொம்ப சந்தோஷம் தம்பி.

ஈடுகட்ட வேண்டாம். வளர்ந்த பெண்ணுக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒரு புழு தாராளம். சூப்பர்வார்மில் கொழுப்பு அதிகம், அதனால் இடையிடையே செத்த கரப்பானோ கிரிக்கெட்டோ அதே மூடியில் வைத்துப் பார். எடுக்காவிட்டால் கவலைப்படாதே. வயிறு முன்னுடம்பைப் போல ஒன்றரை மடங்கு ஆகிவிட்டால் நீயாகவே நிறுத்து. வயிறு ஊதிய சிலந்தி சின்னதாக விழுந்தாலும் தாங்காது.

கேப்டவுன் அண்ணனிடம் இன்னொன்று மட்டும் கேட்டுச் சொல்: ராணி கடைசியாக எப்போது தோல் உரித்தாள்? இந்த அளவுச் சிலி ரோஸ் வருடம் ஒன்று, இரண்டு, சில சமயம் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். தேதி தெரிந்தால், அடுத்த தடவை அவள் சாப்பாட்டை மறுக்கும்போது எதனால் என்று இங்கேயே பார்த்துச் சொல்லிவிடலாம்.